பதினொன்று சரியாக இருந்தது

மார்ச் 30

நடைக்குழுச் செயலாளர் அவர்களுக்கு,

மூன்று வாரமாகப் போன் செய்கிறேன். நீ எடுப்பதில்லை. உன் தையல் கடையில் போனை எடுக்கிற பெண், "அம்மா அளவெடுத்துட்டிருக்காங்க" என்கிறாள். காலையிலும் அளவு, மாலையிலும் அளவு. இந்த ஊரில் எல்லாருக்கும் தினமும் உடம்பு மாறிக்கொண்டேவா இருக்கிறது? அதனால்தான் எழுதுகிறேன். தங்கைக்கு அல்ல, செயலாளருக்கு.

ஏப்ரல் 27 ஞாயிற்றுக்கிழமை அடுத்த நடை. அறிவிப்பு அட்டை இன்னும் யாருக்கும் போகவில்லை. நான் இந்தக் குழுவைத் தொடங்கிய பத்தொன்பது வருடத்தில் அட்டை தாமதமானது இதுதான் முதல் தடவை.

மார்ச் 9 நடையைப் பற்றி ஆளுக்கு ஒன்றாகப் பேசுகிறார்களாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். கல்பாலத்தில் கிளம்பும்போது என்னையும் சேர்த்துப் பதினொரு பேர். கடைசியில், வாலாக வந்தவர் தபால்காரர். கால்வாய்க் கரையில் முதல் மரக்கதவை எல்லாரும் தாண்டியபின் தலையை எண்ணி, கதவைச் சாத்தி, "பதினொண்ணு!" என்று குரல் கொடுத்தார். இரண்டாவது கதவில் பதினொன்று. பாழடைந்த மாவு ஆலையைத் தாண்டி மூன்றாவது கதவில் பதினொன்று. முடிகிற இடத்தில், தேநீர்க் கடையில், பதினொரு தம்ளர்.

முன்னால் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது நான் வைத்த விதி. திரும்பிப் பார்த்தால் பின்னால் வருகிறவர்கள் தங்களுக்காகத்தான் பார்க்கிறான் என்று ஓட ஆரம்பிப்பார்கள். நம்முடையது ஆற அமர நடக்கிற குழு. அதனால் என் கண் பாதையில் இருக்கும், காது எண்ணிக்கையில் இருக்கும். முப்பத்தொரு வருடம் மதகுக் காவலனாக இருந்து, யாரும் சொல்லித் தராமல் நானே கற்றுக்கொண்ட ஒழுங்கு இது.

முதல் கதவைத் தாண்டியதும் ஒரு கடிகாரம் பழுதுபார்ப்பவர் நம்மோடு சேர்ந்துகொண்டார் என்பதும், அதே சமயம் நீ வரிசையில் இல்லாமல் போனாய் என்பதும் எண்ணிக்கையின் குற்றம் ஆகாது. ஒன்று கூடியது, ஒன்று குறைந்தது. கணக்குச் சரி.

குழுவுக்கு நீ எழுத வேண்டியது ஒரே வரி: "தலைவரின் எண்ணிக்கை முறையில் பிழை இல்லை." அட்டையின் கீழே எழுதி அனுப்பு.

தலைவர்


ஏப்ரல் 2

நடைக்குழுத் தலைவர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கோப்பில் வைத்தாயிற்று.

தேநீர்க் கடையில் நடந்ததைத் தாங்கள் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மீதியை நம் குழுவின் பல் டாக்டர் வந்து சொன்னார். தம்ளரை நீட்டும்போது அவர்தான் கேட்டாராம்.

"தையல்காரம்மா எங்க சார்?"

"பதினொண்ணு சரியா இருக்கே."

"சரியா இருக்கு சார், ஆனா அவங்க இல்லையே."

"இல்லைன்னா எப்படிய்யா பதினொண்ணு வரும்?"

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்றாம். கடைசியில் ஒரு மனிதர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஐயா, தப்பா நினைக்காதீங்க. நான் உங்க ஆளு இல்லீங்க" என்றாராம். தாங்கள் உடனே, "அதை இரண்டாவது கதவுலயே சொல்லியிருக்க வேண்டியதுதானே!" என்று அவர்மேல் பாய்ந்தீர்களாம். பாவம், வழியோடு போனவர். தங்கை எங்கே என்று தேடுவதற்கு முன்னால் அவரைத் திட்டி முடித்திருக்கிறீர்கள்.

ஒரு சட்டைக்கு ஏழு பொத்தான் எடுத்து வைக்கிறேன். அதில் ஒன்று வேறு சட்டையுடையது. ஏழு இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு தைத்துக் கொடுத்தால் வாடிக்கையாளர் என்னைச் சும்மா விடுவாரா? எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை, அண்ணா. நானும் என் தொழிலை நானேதான் கற்றுக்கொண்டேன்.

தாங்கள் கேட்ட வரியை நான் எழுத மாட்டேன். பதிலுக்கு நான் ஒரு வரி கேட்கிறேன்: "என் தங்கையை வழியில் விட்டுவிட்டுப் போனேன்." அதைத் தங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அது வரும்வரை தாங்கள் முன்னால் நடக்கிற எந்தப் பாதையிலும் நான் கால் வைக்கப் போவதில்லை. 27ஆம் தேதியும் இல்லை, அதற்கப்புறமும் இல்லை.

செயலாளர்


ஏப்ரல் 5

செயலாளர் அவர்களுக்கு,

பொத்தானும் மனிதனும் ஒன்றா? பொத்தானுக்கு வாய் கிடையாது. உனக்கு இருக்கிறது. நீ கடையில் நின்று பேசினால் தெருமுனையில் மிதிவண்டி நிற்கும்.

என் கேள்விக்குப் பதில் சொல். தபால்காரர் உன்னைக் கடந்து போகும்போது நீ எங்கே இருந்தாய்? அவர் வால். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவரைக் கேட்டேன். "கடிகாரக்காரர்கிட்ட பேசிக்கிட்டே வந்தேன் சார், தங்கச்சியைப் பார்க்கலையே" என்று தலையைச் சொறிகிறார். நாற்பது வருடம் வீடு தப்பாமல் கடிதம் போட்டவர், ஒரு முழு மனுஷியைத் தவறவிட்டிருக்கிறார். அப்படியானால் நீ பாதையில் இல்லை. பாதையை விட்டு விலகி எங்கோ இருந்திருக்கிறாய். சொல்லாமல் விலகியது யார் குற்றம்?

ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் நின்றிருப்பேன். ஏன் போடவில்லை?

அட்டை இன்னும் வரவில்லை என்பதையும் நினைவூட்டுகிறேன்.

தலைவர்


ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

"அவர்களுக்கு" எல்லாம் போதும். கை வலிக்கிறது.

கேட்டாய், சொல்கிறேன். முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவில், மரங்கள் நெருக்கமாக இருக்கிற இடத்தில், ஒரு குட்டைச் சுவர் இருக்கிறது. அதன் பின்பக்கம் உட்கார்ந்தேன். ஏன் உட்கார்ந்தேன் என்பது என் சொந்த விஷயம். தபால்காரர் சுவரின் இந்தப் பக்கமாகப் பேசிக்கொண்டே போனார். பெண்டுலத்தைப் பற்றிப் பேச்சு. நான் எழுந்து முந்தானையைத் தட்டிக்கொண்டு பாதைக்கு வந்தேன். உங்களுக்கும் எனக்கும் அறுபது அடி இருக்கும். அவ்வளவுதான். ஒரு கூப்பிடு தூரம்கூட இல்லை.

அப்போது கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. "பதினொண்ணு!" என்றார் தபால்காரர். "சரி!" என்றாய் நீ. நல்ல கணீர் குரல், எப்போதும் போல.

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். நான் இங்கே நிற்கிறேன், அங்கே பதினொன்று சரியாக இருக்கிறது. நான் இல்லாமலேயே சரியாக இருக்கிறது. அப்படியானால் நடங்கள், எத்தனை தூரம் போய் யார் கவனிக்கிறார்கள் பார்க்கலாம் என்று நின்றேன். பாதை வளைகிற இடம் வரைக்கும் உன் முதுகு தெரிந்தது. அது திரும்பவில்லை.

என் போன், நடையில் யார் கையிலும் போன் கூடாது என்ற உன் விதிப்படி, பல் டாக்டர் பையில் எல்லார் போனோடும் போய்விட்டது. நான் கல்பாலத்துக்குத் திரும்பி, எதிர்க்கரையில் இறங்கி, தனியாக வீட்டுக்கு நடந்தேன். நாலு மணிக்கு வந்து குளித்தேன். ஏழு மணிக்குப் பல் டாக்டர் போனைக் கொடுக்க வந்தபோது பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஈயாடவில்லை. நீ வரவில்லை. அவரை அனுப்பினாய்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்த எதிர்க்கரைப் பாதை அருமையாக இருக்கிறது. பள்ளத்தாக்கின் சரிவில் ஏறி இறங்குகிறது, நிழல் இருக்கிறது, ஒரு கதவுகூடக் கிடையாது. பத்தொன்பது வருடமாக நம்மை வெயில் பக்கமாகவே கூட்டிப் போயிருக்கிறாய்.

ஆகவே செயலாளர் பதவியை விடுகிறேன். 27ஆம் தேதி நான் எதிர்க்கரையில் நடக்கிறேன். வருகிறவர்கள் வரலாம். பல் டாக்டரும் இன்னும் நாலு பேரும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நீ உன் கரையில் உன் ஆட்களை எண்ணிக்கொள்.

தங்கை


ஏப்ரல் 12

ஊசி,

சின்ன வயதில் உனக்கு வைத்த பெயர். கொஞ்சமும் மழுங்கவில்லை.

குழுவை இரண்டாக வெட்டுகிறாய். வெட்டுவது உனக்குத் தொழில், வெட்டு. ஆனால் ஒரு விதியை நீ மறந்துவிட்டாய். நான் எழுதி, நீயே உன் கையால் படி எடுத்து எல்லாருக்கும் கொடுத்தது: பின்தங்கியவர் கடைசியாகத் தாண்டிய கதவிலேயே நிற்க வேண்டும்; தலைவர் வந்து அழைத்துப் போவார்.

நீ நிற்கவில்லை. கூப்பிடவும் இல்லை, நிற்கவும் இல்லை. குளித்தாயாம். ஓரம் அடித்தாயாம்.

நான் திரும்பி வந்தேன். அதற்குமேல் எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணா,

நேற்று ஒருவர் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கக் கடைக்கு வந்தார். குனிந்து ஊசி குத்திக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே குரல் வந்தது.

"அம்மா, நீங்கதானே அந்தப் பன்னிரண்டாவது ஆளு?"

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் பெண்டுலத்தைப் பற்றிப் பேசிய அதே குரல். நிமிர்ந்து பார்த்தேன். கடிகாரக்காரர்.

"நான் பதினொண்ணாவதுங்க. நீங்கதான் பன்னிரண்டாவது" என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"உங்க அண்ணன் இப்ப நல்லாருக்காரா? அன்னிக்கு மனுஷன் ரொம்பப் பயந்துட்டாரும்மா. எங்கிட்ட சத்தம் போட்டாரு, சரி. அடுத்த நிமிஷம் தம்ளரை அப்படியே போட்டுட்டு ஓடுறாரு. இந்த வயசுல ஓட்டமா அது! நானும் தபால்காரரும் பின்னாலயே ஓடினோம். ரெண்டாவது கதவுல உங்களைக் காணோம். முதல் கதவுலயும் காணோம். நேரா மதகுக்குப் போனாரு. ஒரு நீளக் கம்பை எடுத்துக்கிட்டு இடுப்பளவு தண்ணியில இறங்கிட்டாரு."

நான் கேட்டேன், "எதுக்கு?"

"எதுக்குன்னு நீங்க கேக்கறீங்களே அம்மா" என்றார்.

வெளிச்சம் போகும்வரை நீ தண்ணீருக்குள் கம்பை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாயாம். தபால்காரர் கையைப் பிடித்து இழுத்தால் உதறினாயாம். நான் வீட்டில் இருக்கிறேன் என்று பல் டாக்டர் தபால்காரருக்குப் போனில் சொன்ன பிறகுதான் கரை ஏறினாயாம். ஏறி, "கணக்கு சரியாத்தான் இருந்தது" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஈரத்தோடு வீட்டுக்குப் போனாயாம்.

நீ பல் டாக்டரைத்தான் அனுப்பினாய் என்று நான் ஐந்து வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். நீ மூன்று கடிதம் எழுதினாய். மூன்றிலும் இதை எழுதவில்லை. கடைசியில் "நான் திரும்பி வந்தேன்" என்று மூன்றே சொல். ஏன் அண்ணா?

அந்தக் கால்சட்டையை ஒரு அங்குலம் அதிகமாக வெட்டிவிட்டேன். அவர் அதை அப்படியே வாங்கிக்கொண்டு போனார்.

தங்கை


ஏப்ரல் 20

ஊசி,

அந்த ஆளுக்கு வாய் நீளம். கால்சட்டை குட்டையானது அவருக்கு வேண்டியதுதான்.

மதகில் ஒரு கம்பித் தடுப்பு உண்டு. தண்ணீரோடு வருகிற கட்டை, இலை, குப்பை எல்லாம் அங்கே வந்து தங்கும். முப்பத்தொரு வருடம் தினமும் காலையில் அதைத் துப்புரவு செய்தவன் நான். கட்டையும் குப்பையும் மட்டும் அங்கே வரவில்லை. இதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்: முதல் கதவுக்கும் இரண்டாவது கதவுக்கும் நடுவில் ஒருவர் காணாமல் போனால் எங்கே தேட வேண்டும் என்பது இந்த ஊரில் எனக்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால்தான் "பின்தங்கியவர் நிற்க வேண்டும்" என்ற விதியைக் கொட்டை எழுத்தில் எழுதினேன். நீ அதை அழகாகப் படி எடுத்தாய், படிக்கவில்லை.

ஏன் எழுதவில்லை என்று கேட்கிறாய். நீ குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் உன்னைக் கம்பால் தேடிக்கொண்டிருந்தேன் என்று எந்த முகத்தோடு எழுதுவது?

இன்னொன்றும் சொல்கிறேன். சொன்ன பிறகு இதைப் பற்றிப் பேசக் கூடாது. இரண்டாவது கதவைத் தாண்டி மாவு ஆலை வந்ததும், வழக்கம்போல் அதன் கதையைச் சொன்னேன். வெள்ளத்தில் ஆலை இடிந்த வருடத்தையும் சொன்னேன். எந்த நடையிலும் நீ அந்த இடத்தில் பின்னால் இருந்து கத்துவாய்: "தப்பு! அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி!" பத்தொன்பது வருடமாக நான் அதே வருடத்தைச் சொல்கிறேன், நீ அதே திருத்தத்தைச் சொல்கிறாய். அன்று சொல்லி முடித்துக் காத்திருந்தேன். சத்தம் இல்லை. கடிகாரக்காரர் மட்டும், "அப்படியா ஐயா!" என்றார்.

நீ வரிசையில் இல்லை என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் எண்ணிக்கை பதினொன்று என்று சொல்லியாயிற்று, எண்ணிக்கை தப்பாது என்று நானே எல்லாருக்கும் சொல்லியாயிற்று. அந்த "பதினொண்ணு"வைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது கதவு வரைக்கும், அங்கிருந்து தேநீர்க் கடை வரைக்கும் நடந்தேன். ஒன்றரை கிலோமீட்டர்.

ஆகவே நீ கேட்ட வரியை எழுத மாட்டேன். "விட்டுவிட்டுப் போனேன்" என்றால் தெரியாமல் போனேன் என்று படிக்கிறவர்கள் நினைப்பார்கள். அது பொய். எனக்குத் தெரிந்திருந்தது.

எண்ணிக்கை முறை பற்றி என் கருத்தில் மாற்றம் இல்லை.

அண்ணன்


ஏப்ரல் 22

அண்ணா,

பேசக் கூடாது என்றாய், பேசவில்லை. கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நான் கதவில் நின்றிருக்க வேண்டும். இதை ஒரு தடவைதான் எழுதுவேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் சத்தம் போடாததற்கு வருத்தம் இல்லை. மறுபடியும் நான் இல்லாமல் சரியாக இருந்தால் மறுபடியும் போட மாட்டேன். உன் தங்கைதானே.

27ஆம் தேதிக்கு ஏற்பாடு இது. இரண்டு குழு கிடையாது. ஒரே குழு, ஒரே கரை, என் கரை. நான் முன்னால். தபால்காரர் நடுவில், பேச ஆள் இருந்தால் போதும் என்கிறார். கடிகாரக்காரரைச் சேர்த்துக்கொண்டேன், இனிமேல் அவர் நம் ஆள். நீ வால். எண்ண வேண்டாம், ஆளைப் பார்த்துப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

கதவே இல்லாத பாதையில் வால் எங்கே நின்று கூப்பிடுவது என்று கேட்பாய். உனக்கு எங்கே தோன்றுகிறதோ அங்கே.

அட்டைகள் அனுப்பியாயிற்று. அதில் உன் வரியும் இல்லை, என் வரியும் இல்லை.

தங்கை


ஏப்ரல் 28

ஊசிக்கு,

நேற்றைய நடை பற்றி வால் கொடுக்கும் அறிக்கை.

கிளம்பியது பதினெட்டு நிமிடம் தாமதம். காரணம், பல் டாக்டர் தொப்பியைத் தேடினார். அது அவர் தலையில் இருந்தது. சரிவில் இரண்டு இடத்தில் சேறு, நீ சொல்லவில்லை. நிழல் இருக்கிறது என்றாய், இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கால்வாய் தெரிவதில்லை, சத்தம் மட்டும்தான் கேட்கிறது. அதை ஒரு குறையாகப் பதிவு செய்கிறேன்.

பேர் சொல்லிக் கூப்பிடுகிற முறையில் நேரம் வீணாகிறது. தபால்காரரைக் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்வதில்லை, தன் மருமகளைப் பற்றிச் சொல்கிறார். எட்டு இடத்தில் கூப்பிட்டேன். எட்டிலும் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். யாரும் குறையவில்லை, யாரும் கூடவில்லை. இதில் பெருமைப்பட நான் ஒன்றும் செய்யவில்லை. பின்னால் நடந்தேன், அவ்வளவுதான்.

இனி அறிக்கை அல்ல.

பள்ளத்தாக்கில் பாதை குதிரை லாடம் மாதிரி வளைகிற இடம் இருக்கிறதே, அங்கே வால் நிற்கிற இடத்திலிருந்து முன்னால் போகிறவர் பக்கவாட்டில் தெரிவார். நீ தெரிந்தாய். இடது காலை ஊன்றும்போதெல்லாம் உன் கை இடுப்புக்குப் போகிறது. கைப்பையைச் சரிசெய்கிற மாதிரி பாவனை பண்ணுகிறாய். மற்றவர்கள் நம்பலாம். மேடு வந்தால் பூவைக் காட்டி எல்லாரையும் நிறுத்துகிறாய். மொத்தம் ஆறு பூ காட்டினாய். உனக்குப் பூ என்றால் ஒரு காலத்திலும் பிடிக்காது.

பல் டாக்டரைக் கேட்டேன்.

"அந்த இடுப்பு வலி ஒரு வருஷத்துக்கு மேல இருக்கே சார். உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியாது. பத்தொன்பது வருடமாக உனக்கு முன்னால் நடந்திருக்கிறேன். நீ நடப்பதை நேற்றுத்தான் பார்த்தேன். அன்று குட்டைச் சுவருக்குப் பின்னால் ஏன் உட்கார்ந்தாய் என்பதும் நேற்றுத்தான் புரிந்தது.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கப் போவதில்லை. நம் வீட்டில் யாரும் சொல்லமாட்டார்கள், அதற்கு நானே சாட்சி. முடிவை மட்டும் எழுதுகிறேன். மே 25 நடைக்கும் நீதான் முன்னால். அதற்கடுத்த நடைக்கும் அப்படியே. உன் இடது கால் என்ன வேகத்தில் போகிறதோ அதுதான் குழுவின் வேகம். பின்னால் யாராவது முணுமுணுத்தால், அவர்களுக்கும் பின்னால் நான் இருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு எலும்பு டாக்டரிடம் உன் பேரைப் பதிந்துவிட்டேன். அளவெடுக்கிறேன், ஓரம் அடிக்கிறேன் என்று எந்தக் காரணமும் எடுபடாது. ஒன்பதரைக்குக் கடை வாசலில் நிற்பேன். நீ வெளியே வரும்வரை அங்கிருந்து நகரமாட்டேன். வாடிக்கையாளர்களுக்கு இடைஞ்சலாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அண்ணன்